கமலா மரக் கைப்பிடி

மாதேஸ்வரனிடம் ஏழு கைத்துப்பாக்கிகள் இருந்தன. ஏழும் சட்டைப்பையில் அடங்கிவிடுகிற சின்ன ஜாதி. இருப்பதிலேயே பெரியது ஒரு கை அகலம்தான். ஏழுக்கும் லைசென்ஸ் புத்தகத்தில் முறையான பதிவு உண்டு. ஏழில் ஒன்றைக்கூட அவர் சுட்டதில்லை.

எண்பத்து மூன்றாம் வருடம் ஆனி மாதத்தில் புதுச் சட்டம் வந்தது. ஒருவர் மூன்று துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. மிச்சத்தைத் தொண்ணூறு நாளுக்குள் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். செய்தியை இரண்டு தடவை படித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. வேலியோரத்துச் சில்வர் ஓக் மரங்களைப் பனிமூட்டம் எப்போதோ எடுத்துக்கொண்டு போயிருந்தது.

அவர் தலைச்சோலைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் முப்பது வருடம் கணக்கு எழுதுகிற ரைட்டராக இருந்தவர். பிறந்தது கீழே ஓமலூர். ரிட்டயர் ஆன பிறகு கிளியூர் போகிற வழியில் ஒரு சின்ன வீட்டைக் கட்டிக்கொண்டு மலையிலேயே தங்கிவிட்டார். ஐம்பத்திரண்டில், சேலத்திலிருந்து வாராவாரம் சம்பளப் பையைக் கொண்டைஊசி வளைவுகளில் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வருகிற வேலை அவருக்கு வந்தபோது, எஸ்டேட்டின் வெள்ளைக்காரத் துரை அவர் பெயரில் லைசென்ஸ் வாங்கிக்கொடுத்து, தன் கோட்டுப் பையிலிருந்து ஒரு குட்டிப் பிஸ்டலை எடுத்து நீட்டினார். உடம்புச் சூட்டோடு இருந்தது அது. பயம் வரும் என்று எதிர்பார்த்த மாதேஸ்வரனுக்குப் பயம் வரவில்லை. தூங்குகிற அணில் குட்டியை உள்ளங்கையில் வாங்கியது மாதிரி இருந்தது.

அதற்கப்புறம் துரைமார் ஒவ்வொருவராக ஊரை விட்டுப் போனார்கள். மேஜை நாற்காலி, குதிரைச் சேணம், பீங்கான் தட்டு என்று எல்லாம் ஏலத்துக்கு வந்தன. மேஜை இழுப்பறைகளின் மூலையில், கைக்குட்டையில் சுற்றிய சின்னப் பிஸ்டல்களும் இருந்தன. யாருக்கும் அவை வேண்டியிருக்கவில்லை. மாதேஸ்வரன் ஒவ்வொன்றுக்கும் கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்து அனுமதி வாங்கி, ஒவ்வொன்றாக வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

சுடுவதில் அவருக்கு ஆசை இருந்ததே இல்லை. இது யார், எங்கே பிறந்தது என்று கண்டுபிடிப்பதில்தான் ஆசை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜைமேல் சாம்பல் நிறக் கம்பளியை விரித்து, ஏழையும் வரிசையாக வைத்து, பூதக்கண்ணாடியோடு உட்காருவார். ஒரு துரை விட்டுப்போன பழைய காட்டலாக் ஒன்று, அட்டை போய்ப் பாதிப் பக்கங்களோடு அவரிடம் இருந்தது. குழலின் பக்கத்தில் ஊசிமுனையால் குத்தியது போல ஒரு சின்ன முட்டை, அதற்குள் மூன்று எழுத்து இருந்தால் அது பெல்ஜியம். கிரீடம் இருந்தால் இங்கிலாந்து. கைப்பிடியில் பின்னங்காலில் நிற்கிற குதிரை இருந்தால் அமெரிக்கா. விசையை மடக்கி உள்ளே தள்ளிவிடக்கூடிய ரிவால்வர் ஒன்று இருந்தது. சைக்கிளில் போகிறவர்கள், தங்களைத் துரத்துகிற நாயைப் பயமுறுத்தவென்றே நூறு வருடத்துக்கு முன்னால் செய்தது என்று காட்டலாக் சொல்லியது. நாலு குழல் ஒட்டிப் பிறந்த ஒன்றும் இருந்தது. அதை மூடிவைத்தால் தீப்பெட்டியை விடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்.

பார்த்துக்கொண்டே இருப்பார். கண் மெல்லச் செருகும். தொப்பி வைத்த ஒருவன் மரங்கள் அடர்ந்த சாலையில் சைக்கிளில் போவான். பின்னால் ஒரு நாய் சத்தமே இல்லாமல் ஓடிவரும். ரோமச் சட்டை போட்ட ஒரு பெண் ரயில் ஜன்னலில் சாய்ந்திருப்பாள். அந்த வெளிநாட்டு ஊர்களிலெல்லாம் சாலையோரம் நின்றவை சில்வர் ஓக்தான். அவற்றின்மேல் மிளகுக் கொடி ஏறியிருக்கும். அந்த ஊர் மரங்களை அவர் கண்டதில்லை. விழித்துப் பார்க்கும்போது காப்பி ஆறிப்போயிருக்கும்.

ஏழாவது மட்டும் எதுவும் சொல்லாது. அதன் மேல்பாகத்தை யாரோ ஒருகாலத்தில் நன்றாகத் தேய்த்து வெள்ளிப்பூச்சு பூசியிருந்தார்கள். பெயர் இல்லை, முத்திரை இல்லை, ஊர் இல்லை. கைப்பிடி மரம். வெண்ணெய் உருகி உறைந்தது போல மஞ்சளாக, அத்தனை வழவழப்பாக ஒரு மரத்தை எந்தத் துப்பாக்கியிலும் அவர் பார்த்ததில்லை. லைசென்ஸ் புத்தகத்தில் அதற்கு நேரே ‘தயாரிப்பு: தெரியவில்லை’ என்று எழுதியிருந்தது. பதினொரு வருடமாக அப்படியே இருந்தது. மெட்ராஸ் துப்பாக்கிக் கடைக்காரர் ஒருவருக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். ‘கைப்பிடியைக் கழற்றுங்கள், இரும்பில் ஏதாவது குத்தியிருக்கும்’ என்று பதில் வந்தது.

அவர் கழற்றவில்லை. பழைய ஸ்க்ரூ, தலை உடைந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது பொய்யும் இல்லை. ஆனால் கழற்றினால் தெரிந்துவிடும். மற்ற ஆறும், பிறந்த இடம் தெரிந்தவுடன், தங்கள் தங்கள் ஊருக்குத் திரும்பிப்போய்விட்டவை. இது ஒன்றுதான் எந்த ஊரிலும் பிறந்திருக்கக்கூடியதாக, பனிமூட்டத்துக்குள் நடந்துபோகிற ஆள் மாதிரி இருந்தது. வியன்னாவில் கடிகாரம் செய்கிற ஒருவன் தன் மனைவிக்காக ஒன்றே ஒன்று செய்திருக்கலாம் என்று நினைத்துக்கொள்வதில் அவருக்கு ஒரு சுகம்.

ஆடி போய் ஆவணி பிறந்தது. மழை நிற்பதும் தூறுவதுமாக இருந்தது. தினமும் மத்தியானம் கம்பளி விரிந்தது. எந்த மூன்று என்பது மட்டும் முடிவாகவில்லை.

அவர் மனைவி ஜெயகுமாரி மொச்சை உரித்துக்கொண்டே ஒரு நாள் கேட்டாள்.

“ஏனுங்க, எந்த மூணுன்னு முடிவு பண்ணீட்டீங்களா?”

“இன்னும் இல்லை அம்மிணி.”

“அந்தக் குதிரை போட்டது நல்லாத்தானுங்க இருக்குது.”

“அது நல்லாத்தான் இருக்குது.”

“நாயைச் சுடறது?”

“அதைக் குடுக்க முடியாது.”

“அப்படியே ஒவ்வொண்ணுக்கும் சொன்னீங்கன்னா, போலீஸ்காரரு ஊட்டுக்கே வந்து ஏழையும் அள்ளிட்டுப் போயிருவாருங்க” என்றாள். குரலில் கோபம் இல்லை. இருபது வருடமாக அவள் அந்த மேஜையைச் சுற்றிப் பெருக்கியிருக்கிறாள். ஒரு நாளும் கம்பளியைத் தொட்டதில்லை.

கெடு முடியப் பத்து நாள் இருக்கையில் வீராயி வந்தாள்.

வீராயிக்கு அறுபது தாண்டியிருந்தது. மாதேஸ்வரன் வேலை பார்த்த எஸ்டேட்டிலேயே காப்பிப்பழம் பறித்தவள். புருஷன் போய் வெகுகாலம் ஆயிற்று. ரிட்டயர் ஆன ரைட்டரிடம் மனு எழுதிக்கொள்ள அந்தப் பக்கத்து ஜனங்கள் இன்னமும் வருவார்கள். முதியோர் பென்ஷனுக்கு மனுப் போட வேண்டும் என்று, கோணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, சாரலில் நனைந்தபடி தலைச்சோலையிலிருந்து நடந்தே வந்திருந்தாள்.

“உள்ள வா வீராயி, சாரல் அடிக்குது” என்று ஜெயகுமாரி அவளை உள்ளே அழைத்து, மேஜைக்கு எதிரே முக்காலியில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தாள். மாதேஸ்வரன் கம்பளியை ஓரமாகத் தள்ளிவிட்டு மனுக் காகிதத்தை எடுத்தார்.

“தகப்பனார் பேரு?”

“சித்தனுங்க.”

“என்ன வேலை பாத்தாரு?”

பேனாவோடு காத்திருந்த மாதேஸ்வரன் நிமிர்ந்து பார்த்தார். வீராயி காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தபடி கம்பளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரைட்டருங்க, அந்த மஞ்சக் கைப்பிடி போட்டது உங்ககிட்ட எப்படிங்க வந்துச்சு?”

“ஏலத்துல எடுத்தது. பழைய பங்களாச் சாமானுங்க வித்தாங்கள்ல, அதுல ஒரு மேசைக்குள்ள இருந்துச்சு. முறையா எழுதித்தான் வாங்குனேன். ஏன்?”

“அது கமலா மரமுங்க.”

“எது?”

“அந்தக் கைப்பிடிங்க. கமலா ஆரஞ்சு மரம். எங்கய்யன் செஞ்சது. அவரு எஸ்டேட்டுல தச்சு வேலைங்க.”

மாதேஸ்வரன் சிரித்தார். அவள் எதையோ எதுவாகவோ நினைத்துக்கொள்கிறாள் என்றுதான் பட்டது. “இது வெளிநாட்டுல செஞ்சது வீராயி. இந்த மாதிரி மரம் நம்மகிட்ட இல்லை.”

“இருக்குதுங்க. நீங்க கமலாவைத் தின்னுருப்பீங்க, மரத்தை அறுத்துப் பாத்துருக்க மாட்டீங்க” என்றாள் வீராயி மரியாதை குறையாமல். “வேணும்னா அவுத்துப் பாருங்க. ஒரு பக்கத்து மரத்துல, உள்ளார, தப்பா போட்ட ஓட்டை ஒண்ணு இருக்கும். சீவல் வெச்சு அடைச்சிருப்பாரு. வெளிய தெரியாதுங்க.”

தகரக் கூரையின்மேல் தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஜெயகுமாரி எழுந்து போய்த் தையல் மிஷின் பெட்டியிலிருந்து சின்ன ஸ்க்ரூடிரைவரைக் கொண்டுவந்து கம்பளி ஓரத்தில் வைத்தாள்.

மாதேஸ்வரன் அதை எடுத்தார். துப்பாக்கியில் குண்டு இல்லை என்று எப்போதும் போல இரண்டு தடவை பார்த்துக்கொண்டார். ஸ்க்ரூவின் தலையில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டு, மூச்சைப் பிடித்துத் திருகினார். உடையும் என்று பதினொரு வருடமாகப் பயந்த ஸ்க்ரூ, நேற்றுப் போட்டது மாதிரி சுலபமாகத் திரும்பியது.

இடதுபக்க மரம் கையோடு வந்தது. உள்பக்கத்தைத் திருப்பினார். பென்சில் கோடு ஒன்று வளைவைச் சுற்றி இன்னும் அழியாமல் இருந்தது. அதைத் தவிர வேறொன்றும் இல்லை. வலதுபக்கத்தைக் கழற்றினார். ஸ்க்ரூ போகிற துளைக்கு அரை விரல்கடை தள்ளி, மிளகு அளவுக்கு ஒரு வட்டம். சின்னச் சீவல் வைத்து அடைத்து, மேலே இழைத்துச் சமமாக்கியிருந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தால்தான் ரேகை மாறுவது தெரிந்தது.

அவர் அதை வீராயியிடம் நீட்டினார். அவள் புடவைத் தலைப்பில் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். பெருவிரலால் அந்த இடத்தைத் தேய்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பு பரவியது.

“தப்புப் பண்ணுனா ஆருக்கும் காட்ட மாட்டாருங்க எங்கய்யன். அன்னிக்கு நானும் இருந்தேனா, ‘ஆருகிட்டயும் சொல்லாத கண்ணு’ன்னாரு. இத்தன வருசம் சொல்லலீங்க.”

பிறகு அவள் மெல்ல, நடுவில் நிறுத்தி நிறுத்தி, நடந்ததைச் சொன்னாள்.

சண்டைக் காலம். தலைச்சோலை பங்களாவின் சின்னத்துரை பட்டாளத்துக்குப் போய்விட்டார். அவர் மனைவி துரைசானி தனியாக இருந்தாள். போகும்போது சின்னத்துரை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போன துப்பாக்கி அது. ஒரு நாள் பட்டாளத்திலிருந்து தபால் வந்தது. துரைசானி தபாலைப் படித்துவிட்டு உள்ளே போய், அந்தத் துப்பாக்கியை எடுத்து வந்து வாசல் கல்லின்மேல் வீசியடித்தாள். கைப்பிடி நொறுங்கியது. தோட்டத்தில் எல்லாரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

“மூணாம் நாளு அந்தம்மா தானா நடந்து எங்கய்யன் பட்டறைக்கு வந்தாங்க. கைக்குட்டைல இதைச் சுத்திக் கொண்டாந்தாங்க. எங்கய்யன் தொட மாட்டேன்னுட்டாரு. பயமுங்க. அந்தம்மாளுக்குத் தமிழு தெரியாது, இவருக்கு இங்கிலீசு தெரியாது. நின்னுட்டே இருந்தாங்க. கடேசீல இவரே கை நீட்டி வாங்கிக்கிட்டாரு. பங்களாவுக்குப் பின்னால இடி விழுந்து காஞ்ச கமலா மரம் ஒண்ணு இருந்துச்சுங்க. அந்தம்மாதான் அதைக் காட்டுனாங்க. மூணு நாளு வேலை. நான் அப்போ மூத்தவனை இடுப்புல வெச்சுட்டு எங்கய்யனுக்குச் சோறு கொண்டு போவேன். மூணு நாளும் அந்தம்மா காப்பிப் பெட்டிமேல உக்காந்து பாத்துட்டே இருந்தாங்க. இழைக்கறப்போ கமலா வாசம் பட்டறை பூரா வந்துச்சு. அப்போதாங்க அந்தம்மா அழுதாங்க. அதுக்கு முன்னால அழுவவே இல்லைன்னு பங்களாவுல சொன்னாங்க. என் மவனை வாங்கி மடில வெச்சுட்டு நொம்ப நேரம் அழுதாங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணுமில்லீங்க. மழை நின்னதும் ஊருக்குப் போயிட்டாங்க. ஒரு பொட்டி மட்டும் எடுத்துட்டுப் போனாங்க. இதை விட்டுட்டாங்களாட்ட இருக்குது.”

மாதேஸ்வரன் ஜன்னல் பக்கம் பார்த்தார். பனிக்குள் யாரோ நிற்பது மாதிரியும், காப்பிப் பெட்டிமேல் உட்கார்ந்து எதையோ உற்றுப் பார்ப்பது மாதிரியும் இருந்தது. மர வாசம்கூட வந்தது போலிருந்தது. இத்தனை நாள் அவர் பார்த்த ஊர்களில் எதுவும் இவ்வளவு பக்கத்தில் இருந்ததில்லை.

வீராயி மனுவில் கைநாட்டு வைத்துவிட்டுப் போன பிறகுதான் அவர் துப்பாக்கியின் வெறும் இரும்பைப் பார்த்தார். கைப்பிடி மறைத்திருந்த இடத்தில் ‘ஐபார்’ என்று ஐந்து இங்கிலீஷ் எழுத்தும் ஒரு எண்ணும் குத்தியிருந்தன. காட்டலாக்கைப் புரட்டினார். ஐபார் என்பது ஸ்பெயின் தேசத்தில் ஒரு ஊர். அங்கே வீட்டுக்கு வீடு பட்டறை. பெல்ஜியத்துக்காரன் செய்த பிஸ்டலைப் பார்த்து ஆயிரக்கணக்கில் மலிவாகச் செய்து தள்ளினார்கள். கீழே ஒரு வரி: ‘சேகரிப்போர் பொருட்படுத்துவதில்லை.’

வியன்னாக் கடிகாரக்காரன் போய்விட்டான். மாதேஸ்வரன் காத்திருந்து பார்த்தார், வருத்தம் வரவில்லை. சத்தமாகச் சிரித்துவிட்டார். சமையலறையிலிருந்து ஜெயகுமாரி எட்டிப் பார்த்தாள்.

“என்னங்க ஆச்சு?”

“ஏழுலயும் இதுதான் அம்மிணி மட்டமான சரக்கு.”

“அதுக்கா இப்படிச் சிரிக்கறீங்க?”

மறுநாள் காலையில் இரண்டு பேரும் தலைச்சோலைக்குப் பஸ் ஏறினார்கள். தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டு வாசலில் அவரையும் ஜெயகுமாரியையும் கண்டு வீராயி பதறி எழுந்தாள். மாதேஸ்வரன் இரண்டு மரத்துண்டுகளையும் காகிதப் பொட்டலத்திலிருந்து எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

“இது உங்கய்யன் செஞ்சது. உங்கிட்டதான் இருக்கோணும்.”

அவள் இரண்டையும் புரட்டிப் பார்த்தாள். தப்பு ஓட்டை அடைத்த வலதுபக்கத்தை எடுத்துச் சுருக்குப்பைக்குள் வைத்தாள். மற்றதை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“எனக்கு இது போதுமுங்க. அது நல்லா வந்தது. நாலு பேரு பாக்கற எடத்துல இருக்கட்டும்.”

“ஒரு பக்கம் மட்டும் போட்டா துப்பாக்கி மூளியாத் தெரியும் வீராயி.”

“தெரியட்டுமுங்க. அந்தம்மா ஒடச்சது தெரியோணுமில்லீங்களா?” என்றாள்.

அவர் இடதுபக்கத்தை மறுபடி பொட்டலத்தில் மடித்துக்கொண்டார். பஸ் வருகிற வரைக்கும் வாசலிலேயே உட்கார்ந்து அவள் கொடுத்த கொய்யாவைத் தின்றார்கள்.

அன்று மாலையே மூன்று எவை என்று முடிவாகிவிட்டது. முதல் முதலாகக் கைக்கு வந்த துரையின் பிஸ்டல். சைக்கிள்காரனின் ரிவால்வர். ஒரு பக்கம் கமலா மரமும் மறுபக்கம் வெறும் இரும்புமாக அந்த ஐபார். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. இத்தனை நாளாக எதற்கு அப்படித் திணறினோம் என்று அவருக்கே விளங்கவில்லை.

புரட்டாசி பிறந்த மறுநாள் ஏழையும் டிரங்குப் பெட்டியில் வைத்து ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார். சப்-இன்ஸ்பெக்டர் காளியண்ணன் சின்ன வயசு, ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். இத்தனை சின்னத் துப்பாக்கிகளை அவர் பார்த்ததே இல்லை. “பொம்மைங்களா இதெல்லாம்?” என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஒப்படைக்கிற நான்குக்கும் அடையாளம் எழுத வேண்டியிருந்ததால் மாதேஸ்வரன் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துச் சொன்னார். முட்டைக்குள் மூன்று எழுத்து, கிரீடம், பின்னங்காலில் நிற்கிற குதிரை. எழுதிக்கொண்டிருந்த ஏட்டு எழுதுவதை நிறுத்திவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டார். வெளியே போகக் கிளம்பிய இரண்டு கான்ஸ்டபிள்கள் தொப்பியைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்து நின்றார்கள். நாலு குழல் பிஸ்டலின் குழல் முன்னால் நகர்ந்து திறந்துகொள்வதைப் பார்த்து ஒருவர் “அடேங்கப்பா” என்றார். பனி வாசல் வழியாக உள்ளே வந்து மேஜைக் காலடியில் படுத்துக்கொண்டது.

காளியண்ணன் அவர் வைத்துக்கொள்கிற மூன்றையும் லைசென்ஸ் புத்தகத்தோடு சரிபார்த்தார்.

“ஏனுங்க, இதென்ன ஒரு பக்கம் அம்மணமா நிக்குது? இதைக் குடுத்துட்டு அந்தக் குதிரை போட்டதை வெச்சுக்கலாமுங்களே. அதுதானே ஒசத்தி?”

“ஒசத்திதானுங்க. எனக்கு இதுதான் வேணும்.”

“இதுக்கு நேரா ‘தெரியவில்லை’ன்னு போட்டிருக்குதே.”

“இப்பத் தெரிஞ்சுருச்சுங்க. அதைத் திருத்தோணும்னு ஒரு மனு எழுதிக் கொண்டாந்திருக்கேன்” என்று காகிதத்தை நீட்டினார்.

காளியண்ணன் படித்தார். ‘தயாரிப்பு: ஐபார், ஸ்பெயின். இடதுபுறக் கைப்பிடி: கமலா மரம். செய்தவர்: சித்தன், தச்சர், தலைச்சோலை.’

“செஞ்ச தச்சர் பேரெல்லாம் லைசென்சுல வருமுங்களா?”

“வரக்கூடாதுன்னு சட்டத்துல ஒண்ணும் இல்லீங்களே.”

காளியண்ணன் மனுவை மேஜைமேல் வைத்து நீவினார். “சரிங்க, கலெக்டர் ஆபீசுக்கு அனுப்பி வைக்கறேன். அவிய அதைக் கோடு போட்டு அடிச்சா அடிக்கட்டும்” என்று ஸ்டாம்பை எடுத்துக் குத்தினார்.

ஜெயகுமாரி ஸ்டேஷன் வாசல் மரத்தடியில் குடையோடு காத்திருந்தாள். பெட்டியை வாங்கிக்கொண்டாள். வரும்போது இருந்ததை விட லேசாக இருந்தது. அவர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு நடக்கத் தொடங்கினாள். ஏரிக்கரைக்கு வந்தார்கள். ஏரி எங்கே முடிகிறது, பனி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை; நடுவில் ஒரு படகு தண்ணீரில் இல்லாமல் காற்றில் நிற்பது போல நின்றது.

“ஏனுங்க, மனசுக்கு எப்படி இருக்குதுங்க?” என்று கேட்டாள்.

மாதேஸ்வரன் யோசித்துப் பார்த்தார். வெறுமையாக இருக்கும் என்று நினைத்திருந்தார். அப்படி இல்லை. கை, கால், கண் எல்லாம் தளர்ந்து இதமாக இருந்தது.

“தூக்கம் வருது அம்மிணி.”

“அப்ப ஊட்டுக்குப் போயித் தூங்கலாம் வாங்க” என்று சொல்லி, மேட்டு வழுக்கலில் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.